தொப்பைக்கு 18 சதவீதம்

காலையில் வரலாம். மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும். கத்தி கிடையாது. தையல் கிடையாது. வலி கிடையாது. தழும்பு கிடையாது. மறுநாளே வேலைக்குப் போகலாம். சென்னையில் சிக்னலில் நிற்கிறவன் தலைக்கு மேலும், கைபேசியைத் தேய்க்கிறவன் கட்டைவிரலுக்குக் கீழும் இதையேதான் எழுதி வைத்திருக்கிறார்கள். இத்தனை கிடையாதுகளைப் படித்தவனுக்கு நியாயமாக ஒரு சந்தேகம் வர வேண்டும். அங்கே எதுதான் உண்டு? பில் உண்டு. பில்லின் அடியில் ஜிஎஸ்டி உண்டு.

சரக்கின் பழைய பெயர் லைப்போசக்‌ஷன். கொழுப்பை உறிஞ்சி எடுப்பது. அந்தப் பெயரில் ஆஸ்பத்திரி வாடை அடிக்கிறது என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். இப்போது 'பாடி கான்டூரிங்' என்கிறார்கள், 'ஸ்கல்ப்டிங்' என்கிறார்கள். எடுத்த இடத்தில் தோல் தொங்காமல் இருக்க 'ஸ்கின் டைட்டனிங்' தனி. இரண்டையும் சேர்த்து எடுத்தால் காம்போ. பிரியாணிக்கடைக்கும் அறுவை அரங்குக்கும் இருந்த கடைசி வித்தியாசமும் போய்விட்டது. பிரியாணிக்கடைக்காவது உணவுப் பாதுகாப்பு அதிகாரி எப்போதாவது வருவார்.

கத்தியில்லாத அந்தச் சிகிச்சையில் என்ன நடக்கிறது? உப்புநீரில் லிடோகெயின் என்ற மரப்பு மருந்தையும், ரத்தக் குழாயைச் சுருக்கும் அட்ரினலினையும் கலந்து, தோலுக்கடியில் லிட்டர் கணக்கில் ஏற்றுவார்கள். வயிறு உப்பி இறுகும். தோலில் மூன்று, நாலு மில்லிமீட்டரில் துளை போடுவார்கள். துளை வழியே ஓர் உலோகக் குழாய் உள்ளே போகும். அந்தக் குழாயைக் கையால் முன்னும் பின்னும் நூற்றுக்கணக்கான முறை குத்தி இழுக்க, கொழுப்பு உடைந்து, மஞ்சளும் சிவப்புமாகப் பாட்டிலில் விழும். தோலை இறுக்க வேண்டுமென்றால் ரேடியோ அலை. ஒரு மின்முனை உள்ளே, இன்னொன்று தோலுக்கு மேலே. நடுவில் இருக்கும் சதை சூடாகிறது. உள்ளே 60, 70 டிகிரி வரை போகும். மேல்தோலை 40 டிகிரிப் பக்கம் நிறுத்தி வைக்க வேண்டும். சூட்டில் கொலாஜன் சுருங்கும், தோல் இறுகும். கணக்கு தப்பினால் தோல் வெந்துபோகும்.

கத்தி இல்லைதான். கோணி ஊசியால் குத்தினாலும் கத்தி இல்லைதான்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த வித்தை போலி இல்லை. பாரிஸில் 1970களின் கடைசியில் இல்லூஸ் என்ற டாக்டர் மழுங்கிய முனைக் குழாயைப் பிடித்து இதை ஒழுங்குக்குக் கொண்டுவந்தார். அமெரிக்கத் தோல் மருத்துவர் ஜெஃப்ரி கிளைன் 1980களில் அந்த உப்புநீர்க் கலவையைக் கண்டுபிடித்தார். முழு மயக்கமும் ரத்தச் சேதமும் வேண்டாம் என்று ஆனது அதனால்தான். படித்தவர் கையில், அளவோடு, ஆளைச் சரியாகத் தேர்ந்தெடுத்துச் செய்தால் இது நல்ல சிகிச்சை. லிடோகெயினை உடல் எடைக்குத் தக்க இவ்வளவுதான் என்ற வரம்பு உண்டு. 5 லிட்டருக்கு மேல் எடுத்தால் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து இரவெல்லாம் கண்காணிக்க வேண்டும் என்று அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன்கள் சங்கம் சொல்கிறது. எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. விளம்பரத்தில்தான் இல்லை.

விளம்பரத்தில் இல்லாத இன்னொரு கதையும் பாரிஸில்தான் நடந்தது. 1920களில் ஒரு நடனக்காரியின் காலை அழகாக்குகிறேன் என்று துஜாரியே என்ற சர்ஜன் கொழுப்பைச் சுரண்டி எடுத்தார். கால் அழுகியது. காலையே வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. உலகம் அதற்குப் பிறகு ஐம்பது வருஷம் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கப் பயந்தது. நாம் அப்படிப்பட்ட கோழைகள் இல்லை. நமக்கு ஐந்து நட்சத்திர கூகுள் ரேட்டிங் போதும்.

மறுநாள் வேலைக்குப் போகலாமாம். போகலாம். உடம்போடு ஒட்டிய இறுக்கமான உள்ளாடை ஒன்றை வாரக்கணக்கில் மாட்டிக்கொண்டு, வயிறெல்லாம் கன்றிப்போய், துளைகளில் நீர் கசிய, லிஃப்டில் யாரும் இடித்துவிடாமல் ஓரமாக நின்றுகொண்டு போகலாம். பலன் முழுசாகத் தெரிய மூன்று மாதம், ஆறு மாதம் ஆகும். மதியச் சாப்பாட்டுக்குள் முடிவது பணம் கட்டும் வேலை மட்டும்தான்.

நம்மூர் ஆணின் தொப்பைக்கு வருவோம். அது பெரும்பாலும் தோலுக்கடியில் தொங்கும் கொழுப்பு இல்லை. வயிற்றுத் தசைக்கு உள்ளே, குடலையும் ஈரலையும் சுற்றி உட்கார்ந்திருக்கும் கொழுப்பு. பானை மாதிரி கெட்டியாக முன்னால் நிற்கிறதே, அதுதான். அங்கே இந்தக் குழாய் போகாது. போகக் கூடாது, போனால் குடலில் ஓட்டை. சர்க்கரையும் மாரடைப்பும் கொண்டுவருவது அந்த உள்கொழுப்புதான். வெளிக்கொழுப்பை எடுத்தால் அதெல்லாம் சரியாகுமா என்று வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து பார்த்தார்கள். பருமனான பெண்கள் 15 பேர். வயிற்றிலிருந்து சராசரியாகப் பத்து கிலோ கொழுப்பை உறிஞ்சி எடுத்துவிட்டு, வாரக்கணக்கில் காத்திருந்து பரிசோதித்தார்கள். ரத்தச் சர்க்கரை, இன்சுலின், ரத்த அழுத்தம், கொலஸ்டிரால் எதிலும் முன்னேற்றம் இல்லை. பத்து கிலோ போனது உடம்புக்குத் தெரியவே இல்லை. 2004ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த கட்டுரை. நம் கிளினிக்குகளின் வரவேற்பறையில் அந்தப் பத்திரிகை கிடைப்பதில்லை. அங்கே போடுவது கல்யாண ஸ்பெஷல் மட்டும்.

அப்படி ஒரு வரவேற்பறையில் நானும் உட்கார்ந்திருந்தேன். பெரியப்பா மகன் கூப்பிட்டான். ஐடியில் வேலை, நாற்பத்தொரு வயசு, முன்னால் சொன்ன அதே பானை. "சும்மா விசாரிக்கத்தாண்ணே, நீங்க கூட வாங்க" என்றான். கண்ணாடிக் கதவு, மல்லிகை வாசனை வரும் ஏசி, எலுமிச்சைத் துண்டு மிதக்கும் தண்ணீர். டாக்டர் வரவில்லை. பிளேசர் போட்ட ஒரு பெண் வந்தார். பதவி கவுன்சலர். உள்ளே அழைத்துப் போய் அவன் சட்டையைத் தூக்கச் சொல்லி, இடுப்பை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்து, பச்சை மார்க்கரால் வட்டம் போட்டார். வீட்டு மனைக்கு எல்லை போடுகிறவர்கூட அதைவிட யோசிப்பார்.

"நாலு ஏரியா சார். அப்பர், லோயர், ரெண்டு ஃபிளாங்க். கூட டைட்டனிங். ஒரு எண்பது ஆகும். இந்த மாசம் ஆஃபர், ஒண்ணு இருபதுக்கு முடிச்சுத் தரோம்."

ஒரு எண்பது என்றால் ஒரு லட்சத்து எண்பதாயிரம். லட்சத்தை வாயால் சொல்வது அங்கே அநாகரிகம் போலிருக்கிறது.

"செய்யப்போற டாக்டர் யாரும்மா?" என்றேன்.

"எங்க சீனியர் டாக்டர் சார். ஆயிரம் கேஸுக்கு மேல பண்ணியிருக்காங்க."

"என்ன படிச்சிருக்காங்க?"

"எம்பிபிஎஸ். அப்புறம் காஸ்மெடாலஜில ஃபெல்லோஷிப் சார். அப்ராட்ல."

"எந்த ஊர்ல?"

"அப்ராட்ல சார்."

"மயக்க மருந்து டாக்டர் இருப்பாரா?"

"லோக்கல்தான் சார், தேவைப்படாது. வேணும்னா கூப்பிட்டுக்குவோம்."

"திடீர்னு ஏதாவது ஆச்சுன்னா ஐசியு?"

அந்தப் பெண் சிரித்தார். நான் ஏதோ அபசகுனமாகக் கேட்டுவிட்ட மாதிரி. "பக்கத்துத் தெருவுலயே பெரிய ஹாஸ்பிடல் இருக்கு சார்."

பக்கத்துத் தெருவில் தீயணைப்பு நிலையம்கூட இருக்கிறது. அதற்காக யாரும் படுக்கையறையில் அடுப்பு மூட்டுவதில்லை. இதை நான் சொல்லவில்லை. சம்மதப் படிவத்தைக் கையில் வாங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். முழுக்க ஆங்கிலம், எறும்பு எழுத்து. பலனுக்கு உத்தரவாதம் இல்லை என்று ஒரு பத்தி. தோல் தீய்ந்துபோகலாம், மேடுபள்ளமாகலாம், கொழுப்பு ரத்தத்தில் கலந்து நுரையீரலை அடைக்கலாம் என்று ஒரு பத்தி. மரணம் ஏற்படலாம் என்று அரை வரி. வாசலில் வலிகூடக் கிடையாது என்று எழுதியிருக்கிறது. உள்ளே மரணம் வரை உண்டு என்று எழுதியிருக்கிறது. கையெழுத்து மட்டும் இரண்டாவது காகிதத்தில்தான் வாங்குகிறார்கள்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்று எழுந்துவிட்டான். அன்றிலிருந்து அவன் போன் ஓயவில்லை. ஆஃபர் இன்றோடு முடிகிறது சார் என்று மூன்று வாரமாக முடிந்துகொண்டிருக்கிறது.

படிப்புக் கணக்கைப் பார்ப்போம். முறையான பிளாஸ்டிக் சர்ஜன் ஆக எம்பிபிஎஸ் ஐந்தரை வருஷம், எம்எஸ் மூன்று, எம்சிஎச் மூன்று. ஆக பதினொன்றரை. தோல் மருத்துவத்தில் எம்டி முடித்து, இந்தச் சிகிச்சையை முறையாகப் பழகியவர்களும் இருக்கிறார்கள். இவர்களைத் தவிர இன்னொரு வழியும் இருக்கிறது. மெஷின் வாங்குவது. மெஷின் விற்கிறவரே ஓட்டலில் அரங்கு எடுத்து இரண்டு நாள் பயிற்சி முகாம் நடத்துவார். மதியம் பஃபே. மாலையில் சான்றிதழ். ஞாயிற்றுக்கிழமை வரை பல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தவர் திங்கட்கிழமை தொப்பையைப் பிடுங்குவார். மாமல்லபுரம் அரசுச் சிற்பக் கல்லூரியில் கல்லைச் செதுக்கக் கற்றுக்கொள்ள நாலு வருஷம் ஆகிறது. கல்லுக்கு உயிர் இல்லை, ரத்தம் வராது, வழக்குப் போடாது. ஆனாலும் நாலு வருஷம்.

முடி நடும் சிகிச்சை பற்றி தேசிய மருத்துவ ஆணையம் 2022ல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. பயிற்சி முகாமில் வேடிக்கை பார்ப்பதும் யூடியூப் பார்ப்பதும் பயிற்சி ஆகாது என்று அதில் எழுதியிருந்தார்கள். படித்தபோது சிரிப்பு வந்தது. பிறகுதான் வயிற்றைக் கலக்கியது. யூடியூப் பார்த்து அறுக்காதீர்கள் என்று டாக்டர்களுக்கு எழுத்துமூலம் சொல்ல வேண்டிய நிலையில் ஒரு நாடு இருக்கிறது என்பதை அதுவரை யாரும் அரசாங்கத் தாளில் ஒப்புக்கொண்டதில்லை.

சொல்ல வேண்டி வந்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2016ல் சென்னையில் முடி நடப் போன 22 வயசு மருத்துவ மாணவர் இறந்தார். டாக்டராகப் போகிற பையன். அந்த இடத்துக்கு இருந்தது முடிதிருத்தும் நிலையத்துக்கான உரிமம் என்று பிறகு செய்தி வந்தது. 2022 மே மாதம் பெங்களூரில் சின்னத்திரை நடிகை ஒருவர், வயசு 21, வீட்டில் சொல்லாமல் கொழுப்பு நீக்கும் சிகிச்சைக்குப் போனார். அன்றைக்கே இறந்தார். ஆணையம் சொன்ன பிறகும் நிற்கவில்லை. 2024 ஏப்ரலில் புதுச்சேரியிலிருந்து எடை குறைக்கும் அறுவை சிகிச்சைக்காகச் சென்னைக்கு வந்த 26 வயசு இளைஞர், பம்மலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சிகிச்சை தொடங்கிய சிறிது நேரத்தில் நிலைகுலைந்து, உயிர் பிழைக்கவில்லை. அது வேறு வகை அறுவை. ஆனால் விளம்பரம் பேசும் ஆசை ஒன்றுதான். அவசரத்தைச் சமாளிக்க அங்கே போதிய வசதி இல்லை என்று அரசு போட்ட விசாரணைக் குழு சொன்னது.

எப்போது சொன்னது? இறந்த பிறகு. ஐசியு இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க நம் அதிகாரிகளுக்கு ஒரு பிணம் தேவைப்படுகிறது. அதுவரை கண்ணாடிக் கதவு அவர்களுக்கும் கண்ணாடிக் கதவுதான். பிறகு சீல், விசாரணைக் குழு, நோட்டீஸ், அமைச்சரின் 'கடும் நடவடிக்கை'. அந்த இரண்டு சொல்லையும் ரப்பர் ஸ்டாம்பாக அடித்து வைத்திருப்பார்கள் என்பது என் சந்தேகம். பத்து நாளில் அடுத்த தெருவில் புதுப் பலகை, புது ஆஃபர்.

அமெரிக்காவில் சான்று பெற்ற பிளாஸ்டிக் சர்ஜன்களிடமே 1990களுக்கான கணக்கைக் கேட்டு வாங்கி 2000ல் வெளியிட்டார்கள். ஏறத்தாழ ஐந்து லட்சம் லைப்போசக்‌ஷனில் 95 மரணம். கிட்டத்தட்ட 5,000க்கு ஒன்று. பதினொன்றரை வருஷப் படிப்புக்கு நிகரானது படித்தவர்கள் உலகத்திலேயே அப்படி. நம்மூர்க் கணக்கு என்ன? எந்த விளம்பரப் பலகையிலும் நான் பார்க்கவில்லை. 'ஆயிரம் கேஸ்' என்பதைத் தவிர.

சட்டம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நம்மிடம் சட்டம் இருக்கும் அளவுக்குக் கொழுப்புகூட இல்லை. 1954லேயே மருந்து மற்றும் மந்திர நிவாரண ஆட்சேபகர விளம்பரச் சட்டம் வந்தது. இன்னின்ன நோயைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்யக் கூடாது என்று பட்டியல் போட்டது. அதில் உடல் பருமன் இருக்கிறது. பெண்களின் மார்பக அமைப்பும் இருக்கிறது. மெஷின் எப்படி மருந்தாகும் என்று வக்கீல் கேட்பார். உணவு தவிர, உடலின் அமைப்பை மாற்றுவதற்கென்று உள்ள எந்தப் பொருளும் மருந்துதான் என்று அதே சட்டம் விளக்கம் தருகிறது. தாயத்து விற்கிறவனைப் பிடிக்கப் போட்ட சட்டம். தாயத்துக்காரன் பாவம், தெருவில் நிற்கிறான். மாட்டிக்கொள்வான்.

டாக்டர்கள் விளம்பரம் செய்து நோயாளியை இழுக்கக் கூடாது என்று 2002ல் மருத்துவ கவுன்சில் நடத்தை விதி போட்டது. புதிதாகத் தொழில் தொடங்குகிறேன், முகவரி மாறிவிட்டேன் என்பது மாதிரி சில விஷயங்களைப் பத்திரிகையில் தெரிவிக்கலாம். அவ்வளவுதான். நம்மூர் டாக்டர்கள் அந்த விதியை மதித்து விளம்பரம் செய்வதை நிறுத்திவிட்டார்கள். கம்பெனி ஆரம்பித்தார்கள். இப்போது கம்பெனிதான் விளம்பரம் செய்கிறது. டாக்டர் அதில் சும்மா சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

2023 ஆகஸ்ட் 2ந் தேதி தேசிய மருத்துவ ஆணையம் புது விதி கொண்டுவந்தது. சமூக ஊடகத்தில் நோயாளியைப் பேச வைத்துப் புகழ் பரப்பக் கூடாது, சிகிச்சைப் படங்களைப் போடக் கூடாது என்று அதில் இருந்தது. 'முன்', 'பின்' படங்களின் பிழைப்பே போயிருக்கும். மூன்று வாரம் உயிரோடு இருந்தது அந்த விதி. மருந்தின் பொதுப்பெயரை எழுதச் சொன்னதும் மருந்துக் கம்பெனி மாநாடுகளுக்குப் போகாதே என்றதும் டாக்டர்கள் சங்கங்களுக்குப் பிடிக்கவில்லை. கூச்சல் கிளம்பியது. ஆகஸ்ட் முடிவதற்குள் மொத்த விதியையும் நிறுத்தி வைத்துவிட்டார்கள். இந்த நாட்டில் வெட்டுக்காயமே இல்லாமல், மறுநாளே வேலைக்குப் போகும்படி, தழும்புகூடத் தெரியாமல் நடந்த சிகிச்சை அது ஒன்றுதான்.

தமிழ்நாட்டுக்கென்று தனிச் சட்டமும் உண்டு. தனியார் மருத்துவ நிலையங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம், 1997. அதற்கு விதிகள் வகுத்து அறிவித்தது 2018ல். பேப்பரில் விதி எழுத இந்த மாநிலம் எடுத்துக்கொண்டது 21 வருஷம். பெங்களூரில் இறந்த அந்தப் பெண்ணின் மொத்த ஆயுளே அவ்வளவுதான்.

நம் பத்திரிகைகளைச் சொல்லாமல் விட்டால் அது யோக்கியதை ஆகாது. ஐந்தாம் பக்கத்தில் 'அழகுக்காகப் போன இளம்பெண் பலி' என்று நாலு பத்திச் செய்தி. கடைசிப் பக்கம் முழுக்க வழவழ தாளில் இடுப்பு. பெண்கள் இதழ் என்றால் இணைப்பாக முப்பது வகை பாயசம், பின் அட்டையில் அந்தப் பாயசத்தைத் திருப்பி எடுக்கும் கிளினிக். சினிமா அறுபது வருஷமாகக் குண்டான ஆளைத் தள்ளிவிட்டு, நாற்காலியை உடைத்து, கைதட்டல் வாங்கிவிட்டது. வரன் பார்க்கும் விளம்பரத்தில் ஒல்லி வேண்டும் என்று கேட்பவனின் தொப்பை பற்றி யாரும் வரி எழுதுவதில்லை. கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது பெண்ணின் இடுப்பை ஊரே அளக்கிறது. அங்கேதான் 'பிரைடல் பேக்கேஜ்' விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

பிள்ளை பெற்ற பிறகு 'மம்மி மேக்ஓவர்'. தேசியக் குடும்ப நல ஆய்வு 2019-21 சொல்கிறது, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 44.9 பிரசவம் சிசேரியன். தனியாரில் 60ஐத் தாண்டுகிறது. முதல் மாடியில் வயிற்றைக் கிழிக்கிறார்கள். மூன்றாம் மாடியில் கிழித்த வயிறு அசிங்கமாக இருக்கிறது என்று விற்கிறார்கள். லிஃப்டுக்கு மட்டும் காசு வாங்குவதில்லை.

அதே ஆய்வில் இன்னும் இரண்டு எண் இருக்கிறது. இந்த மாநிலத்தில் 40.4 சதவீதப் பெண்கள் அதிக எடை. 53.4 சதவீதப் பெண்களுக்கு ரத்தசோகை. கொழுப்பு கூட, ரத்தம் குறைவு. பல உடம்புகளில் இரண்டும் ஒன்றாக. மூன்று வேளையும் மாவும் எண்ணெயும் சர்க்கரையும் சாப்பிட்டு, நடக்க நடைபாதை இல்லாமல், இருக்கும் நடைபாதையில் பைக்கும் டிரான்ஸ்ஃபார்மரும் கட்சிக்கொடிக் கம்பமும் நிற்க, வாழ்ந்து பெற்ற உடம்பு அது. அதற்கு இரும்புச்சத்து மாத்திரையும் நடக்க ஓர் இடமும் வேண்டும். கிடைப்பது ஜீரோ காஸ்ட் இஎம்ஐ.

பிளாஸ்டிக் சர்ஜரி இந்த மண்ணுக்குப் புதுசும் இல்லை. 1794ல் லண்டன் ஜென்டில்மேன்ஸ் மேகசின் பூனாவில் நடந்த ஒரு சிகிச்சையைப் படத்தோடு போட்டது. திப்புவின் ஆட்களிடம் சிக்கி மூக்கறுபட்ட காவாஸ்ஜி என்ற வண்டிக்காரருக்கு, நெற்றித் தோலை எடுத்து நம் நாட்டு வைத்தியர் மூக்கு வைத்தார். அதைப் பார்த்துத்தான் வெள்ளைக்காரன் கற்றுக்கொண்டான். இன்றைக்கும் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனைத் தீக்காய வார்டிலும் ஸ்டான்லியில் கை அறுவை சிகிச்சைப் பிரிவிலும் அந்த வேலையைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்டவ் வெடித்த முகத்தையும் மெஷினில் சிக்கிய விரலையும் சம்பளத்துக்கு ஒட்டித் தருகிறார்கள். அவர்களுக்கு விளம்பரப் பலகை கிடையாது. பலகையில் சிரிப்பவர், விரல் ஒட்டத் தெரியாதவராக இருக்கலாம்.

கடைசியாக வரி. வைத்தியத்துக்குப் பொதுவாக ஜிஎஸ்டி கிடையாது. அழகுக்காகச் செய்யும் அறுவைக்கும் முடி நடுவதற்கும் மட்டும் 18 சதவீதம் என்று விதி போட்டார்கள். பிறவிக் குறை, விபத்து, தீக்காயம் என்றால் விலக்கு. நல்ல விதிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதன் கூர்மையைக் கவனியுங்கள். பிளந்த உதட்டைத் தைத்தால் வரி இல்லை, தொப்பையைக் கரைத்தால் வரி உண்டு என்று கோடு போடத் தெரிந்த அரசு இது. எந்தக் கட்டிலில் வைத்தியம் நடக்கிறது, எந்தக் கட்டிலில் அலங்காரம் நடக்கிறது என்று அதற்கு அத்தனை தெளிவு. அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் இருக்கிறதா என்பதில் மட்டும் மயக்கம். மருத்துவக் காப்பீடும் இந்த விஷயத்தில் தெளிவு. அழகு சிகிச்சைக்குப் பணம் கிடையாது என்று பாலிசியில் அச்சடித்திருக்கிறது. ஆக, இது வைத்தியம் இல்லை என்று காப்பீட்டுக்காரன் கைவிரிக்கிறான். இது வைத்தியம் இல்லை என்று சொல்லித்தான் அரசு வரி எடுக்கிறது. இது அறுவையே இல்லை என்று சொல்லிக் கிளினிக் காசு எடுக்கிறது. செத்தால் மட்டும் அது மருத்துவச் சிக்கல். அதற்கு நீங்கள்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்.

என் பெரியப்பா மகனுக்குச் சொன்ன விலையில் அந்த 18 சதவீத வரி 21,600 ரூபாய். ஒரு தொப்பைக்கு அவ்வளவு. ஒரு வாரத்துக்கு ஒரு கிளினிக்கில் பத்துத் தொப்பை என்று வைத்தாலும், அந்தக் கிளினிக்கை எட்டிப் பார்க்க ஒரு டாக்டரையும் ஒரு ஜீப்பையும் அரசு நியமிக்கலாம். டீசல் போக மிச்சமே இருக்கும். செய்ய மாட்டார்கள். வரி வசூலிக்க ஆள் இருக்கிறது. வாசலைத் தட்ட ஆள் இல்லை.

எனவே நீங்கள்தான் தட்ட வேண்டும். டாக்டர் தன் பதிவு எண்ணைப் பணம் வாங்கும் ரசீதில்கூடப் போட வேண்டும் என்று அந்த 2002 விதியில் இருக்கிறது. பில்லை வாங்கிப் பாருங்கள். ஜிஎஸ்டி எண் கொட்டை எழுத்தில் இருக்கும். அறுக்கப்போகிறவரின் பதிவு எண் எங்கே என்று கேளுங்கள். என்ன படித்தவர், மயக்க மருந்து கொடுப்பவர் யார், ஐசியு இந்தக் கட்டடத்தில் எந்த மாடியில் என்று கேளுங்கள். தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். பக்கத்துத் தெரு என்று சொன்னால் சட்டையை இறக்கிவிட்டு எழுந்து வாருங்கள். கட்டிய முன்பணம் போனால் போகட்டும்.